பூனைக்கு வைத்த பால்

பேசாத போனை நாம் வைக்கக் கூடாது. இந்தப் பெண்கள் உதவி மையத்தில் சேர்ந்த அன்று பொறுப்பாளர் ஜெசிந்தா சொல்லிக்கொடுத்த முதல் விதி அது. அந்தப் பக்கம் இருப்பவள் வைக்கிற வரைக்கும் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவள் வாயைத் திறக்காவிட்டாலும், வெறும் மூச்சு மட்டும் கேட்டாலும், மூச்சுகூடக் கேட்காவிட்டாலும். எனக்கென்ன, பழகிய காதுதானே. கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கி ஓய்வு பெறுகிற வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்கால் போட்டுக் கொடுத்த காது. அரியலூர் கிடைக்கவில்லை, பெரம்பலூர் பிஸி, லைனிலேயே இருங்கள் சார் என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த தொண்டை. காலி லைன் எப்படி இரையும், ஆள் இருக்கிற லைன் எப்படி இரையும் என்பது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இந்த லைனில் ஆள் இருக்கிறது. "வணக்கம், செவ்வந்தி பேசறேன், சொல்லுங்கம்மா" என்று நான் ஆரம்பித்தபோது அந்தப் பக்கம் யாரோ பேசுவதற்காக மூச்சை உள்ளே இழுத்தார்கள். இழுத்த மூச்சு இன்னும் வெளியே வரவில்லை. நானும் என்னை அறியாமல் என் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், முட்டாள் மாதிரி, தண்ணீருக்குள் யார் அதிக நேரம் இருப்பது என்று பந்தயம் கட்டிக்கொண்டது மாதிரி. விட்டுவிட்டேன். அவள் விடவில்லை.

செவ்வந்தி என் பெயர் இல்லை. என் பெயர் தையல்நாயகி. இங்கே போன் எடுக்கிறவர்களுக்கெல்லாம் ஒரு பூவின் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அழைப்பவளின் வீட்டுக்காரன் பின்னால் தேடிக்கொண்டு வந்துவிடக் கூடாதே என்று. பக்கத்து நாற்காலிக்காரி மகிழம்பூ. எனக்கு இந்த வயதில் செவ்வந்தி, மாலை கட்டத்தான் ஆகும் என்று அவளிடம் சொல்லிச் சிரித்தேன். இன்று அவளும் இல்லை, எல்லோரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுக்கப் போயிருக்கிறார்கள். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான பதினாறு நாள் பிரச்சாரம். பதினாறு நாள் என்று ஜெசிந்தா முதலில் சொன்னபோது எனக்குக் கருமாதிதான் ஞாபகம் வந்தது, யாருக்குப் பதினாறு என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். தில்லைநகரில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டே அறை. வெளியே கார்த்திகை மாத மூட்டம், பகல் என்று பேர்தான், டியூப்லைட் போட்டிருக்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா தலையைக் குனிந்து எதையோ தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். ஆபத்து என்று தோன்றினால் நான் கையைத் தூக்கினால் போதும். அவள் வருவாள், வண்டிக்குச் சொல்வாள், மகளிர் காவல் நிலையத்துக்குச் சொல்வாள். கையைத் தூக்குகிற வேலை மட்டும் என்னுடையது. என் இடது கை மேசைமேல் கிடக்கிறது, நரம்பு புடைத்துக்கொண்டு, வளையல் ஒன்று கோணலாக. யாருடைய கையோ என்று தோன்றுகிறது. அழைப்பவரின் எண் இந்த மெஷினில் தெரியாது, வரிசையாக நட்சத்திரக் குறிகள்தான் தெரியும். நல்லதுதான். யாராக இருந்தால் எனக்கென்ன.

"அவசரமே இல்லம்மா. பேச முடியலைன்னா பேச வேணாம். போனை விரலால தட்டினாப் போதும். ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு." மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறேன். தட்டு வரவில்லை. அதற்குப் பதிலாக அந்தப் பக்கம் ஒரு பெண் பேசினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் நிரம்பிவிட்டது, தயவுசெய்து மோட்டாரை நிறுத்தவும். அட, தொட்டி அலாரம். அசடு. ஊரெல்லாம் இதே குரல்தானே. எலெக்ட்ரிக் கடையில் வாங்கிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினால், தொட்டி நிரம்பியதும் இந்தப் பெண் பேசத் தொடங்கிவிடுவாள், கோபமே வராத குரலில், யாராவது போய் சுவிட்சை அணைக்கிற வரை. உறையூரில் எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கிறார்கள், காலையில் நாலைந்து வீட்டில் ஒரே நேரத்தில் பேசுவாள், ஒரே பெண் எல்லா வீட்டு மாடியிலும் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் என் மகன் பரிதிதான் மாட்டினான், மாடிப்படி ஏறி முடிகிற இடத்தில், மாடி அறைக் கதவுக்கு எதிரே. தண்ணீர் நிரம்பிவிட்டது. மறுபடியும். யாராவது போய் நிறுத்தினால் என்ன. தண்ணீர் வழிந்து சுவரெல்லாம் பாசி பிடிக்கும். நான் வீட்டில் இருந்தால் முதல் தடவை சொல்லும்போதே ஓடிவிடுவேன். இன்றைக்குக் கிளம்பும்போது நான்தான் மோட்டாரைப் போட்டேன். எங்கள் வீட்டு போர்வெல் மெதுவாகத்தான் இழுக்கும், தொட்டி நிரம்ப ஒரு மணி நேரமாவது ஆகும். "குழலி, தண்ணி நெரம்பினா நிறுத்திடும்மா" என்று கீழே இருந்தபடி மாடியைப் பார்த்து மருமகளுக்குக் குரல் கொடுத்தேன். பதில் வந்ததா? வந்திருக்கும். அவள் எல்லாவற்றுக்கும் சரி அத்தை என்பாள். முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பரிதிதான், "நான் பாத்துக்கறேம்மா, நீ நிதானமா போயிட்டு வா" என்றான். அவன் பார்த்துக்கொள்வான். எங்கள் வீட்டில் இந்நேரம் மோட்டார் நின்றிருக்கும். இது வேறு யார் வீடோ.

வேறு யார் வீடோதான், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது. எதற்கெடுத்தாலும் தன் வீட்டோடு முடிச்சுப் போடுகிற புத்தி எனக்கு எக்ஸ்சேஞ்சிலேயே உண்டு. யாராவது டிரங்காலில் அழுதால் அன்று சாயங்காலம் எனக்குச் சாப்பாடு இறங்காது, என் வீட்டில்தான் யாருக்கோ ஏதோ என்று இருக்கும். என் வீட்டுக்காரர் அறிவழகன் சிரிப்பார். தொழிற்சங்கம், கூட்டம், உண்டியல் என்று அலைந்தாலும் என்னை ஒரு நாள் அதட்டியதில்லை, வாடி போடி சொன்னதில்லை. அவர் வைத்த பெயர்தான் இளம்பரிதி. அப்பா போல அவனும் மெதுவாகப் பேசுவான். என் கண்ணில் புரை எடுத்தபோது வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டது அவன்தான். இமையை இரண்டு விரலால் விரித்து, "அசையாத, அசையாத, அவ்ளோதாம்மா" என்பான். என்ன இதமான விரல். அந்த விரலை நினைத்ததும் ஏன் இந்த நேரத்தில் குழலியின் கை ஞாபகத்துக்கு வருகிறது? கார்குழலி என் மருமகள், தமிழாசிரியர் ஒருவரின் பெண், அப்பா இப்போது இல்லை. ஒரு நாள் அவள் இடது கையால் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். வலது கை என்னம்மா ஆச்சு என்றேன். "மாவாட்டி வலிக்குதுத்தை" என்றாள். கிரைண்டர்தானே ஆட்டுகிறது, உனக்கு ஏன் வலிக்கிறது என்று கேட்கப் போனேன். தோசை கருகுகிற வாசனை வந்தது, அடுப்பைக் குறைக்கச் சொன்னேன், அத்தோடு போயிற்று. வலிக்கத்தானே செய்யும், மாவை வழிக்கிறோம், கழுவுகிறோம், கல்லைத் தூக்குகிறோம். இந்தப் போனைப் பிடித்துப் பிடித்து எனக்கே வலிக்கிறது. தயவுசெய்து மோட்டாரை நிறுத்தவும். நிறுத்துங்களேன் யாராவது.

எதிர்முனையில் இன்னொரு சத்தம் கேட்கிறது, தூரத்தில், தெருவில். உப்பு வண்டி. உப்பு, கல்லுப்பு, கோலமாவு என்று ஒலிபெருக்கியில் வருவானே, அவன். தன் குரலைத் தானே பதிவு செய்து வைத்திருக்கிறான், பதிவு செய்கிறபோது நடுவில் ஒரு இருமல் வந்துவிட்டது, அதை அழிக்கத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டான். அதனால் கல்லுப்புக்கும் கோலமாவுக்கும் இடையில் எப்போதும் ஒரு இருமல் வரும். வெயிலிலும் அதே இருமல், மழையிலும் அதே இருமல். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது, பிறகு கேட்கப் பிடிக்காமல் போய்விட்டது, என்றோ இருமிய இருமல் இன்னும் தெருவில் போய்க்கொண்டிருக்கிறதே என்று. உப்பு. கல்லுப்பு. இருமினான். கோலமாவு. அதே இருமல்தான். சரி, அதனால் என்ன? அவன் எங்கள் தெருவுக்கு மட்டுமா வருகிறான். உறையூர் முழுக்கப் போகிறான், புத்தூர் போகிறான், இந்தத் தில்லைநகருக்கே வந்தாலும் வருவான். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், ஒருவேளை இங்கே கீழேதான் போகிறானோ, அது போனுக்குள் கேட்பதுபோல் இருக்கிறதோ என்று. கீழே ஆட்டோக்கள்தான். போனை வைக்காத காதைப் பொத்திக்கொண்டேன். இருமல் இந்தக் காதில்தான் இருக்கிறது. ஜெசிந்தா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, எல்லாம் சரியா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள். சரி என்பதுபோல் நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? இன்னும் ஒன்றும் தெரியவில்லையே, தெரிந்தால்தானே சொல்வதற்கு. அவள் தலைக்கு மேலே சுவரில் கடிகாரம். பன்னிரண்டு அடிக்க இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. என் வீட்டுக் கடிகாரம் நினைவுக்கு வந்தது, வரக் கூடாது என்று நினைத்த உடனேயே வந்துவிட்டது. ஓய்வு பெற்ற அன்று எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் சேர்ந்து கொடுத்த மணியடிக்கும் கடிகாரம். மாடிப்படித் திருப்பத்தில் மாட்டியிருக்கிறோம். அது கடைசி அடியை விழுங்கிவிடும். மூன்று மணிக்கு இரண்டு அடித்துவிட்டு, மூன்றாவதற்குத் தொண்டையைச் செருமுகிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சரி செய்கிறேன் என்று பரிதி எத்தனையோ முறை சொல்லியும் நான்தான் விடவில்லை. ஊரில் வேறு எந்தக் கடிகாரமும் அப்படி அடிக்காது.

அதற்குள் அவள் போனை வைத்துவிட்டால் தேவலை. வைத்துவிடும்மா. சொந்தக்காரர் யாருக்காவது பேசு, உன் அம்மாவுக்குப் பேசு, நல்லவளாக வேறு ஒருத்தி எடுப்பாள், மகிழம்பூ எடுப்பாள், சாயங்காலம் கூப்பிடு. இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு உதவி செய்ய வந்து உட்கார்ந்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. குழலியாக இருக்கவே முடியாது, அவளுடைய போன் கெட்டுப்போய் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று பரிதி சொன்னான், அதற்கே ரொம்ப நாளாகிறது. அவளுக்கு ஏது போன். என்னுடைய பழைய பட்டன் போனையும் ஒரு வாரமாகக் காணவில்லை. காணவில்லை. பூஜை அலமாரியில், கட்டிலுக்கடியில், மாவு டின்னுக்குப் பின்னால் எல்லாம் தேடினேன், குழலியும் கூடச் சேர்ந்து தேடினாள், "கெடைக்கும்த்தை" என்றாள். இந்த நம்பர் அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியும். நான்தானே ஒட்டுவதற்காக ஒரு கட்டு ஸ்டிக்கர் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதில் ஒன்று சர்க்கரை டப்பா மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தது. பரிதி காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை, அந்த டப்பாவைத் தொடவே மாட்டான். மாமியார் வெளியே போய்ச் செய்கிற நல்ல காரியத்துக்கு மருமகள் காட்டுகிற மரியாதை என்று நினைத்து எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மூடிக்கு உள்ள ஒட்டினா யாரு கண்ணுல படும், வாசல்ல ஒட்டும்மா" என்று வேறு சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். நான் போன் எடுக்கிறவள் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டிலும் சொல்லக் கூடாது என்பது இங்கே இன்னொரு விதி, நோட்டீஸ் ஒட்டப் போகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் இந்த நம்பரைப் போட்டுக் காத்திருந்து, யாரோ ஒரு பெண் எடுப்பாள், சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்து, அந்த யாரோ ஒருத்தி என் குரலில் வணக்கம் சொன்னால். அந்த மூச்சு ஏன் நின்றது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தெரிய வேண்டாம். தண்ணீர் நிரம்பிவிட்டது.

பூனை என்றுதான் சொன்னான். மழைக்காலம் தொடங்கியபோது மாடி அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொண்டி போட்டான், புதுசு, பளபளவென்று. எதற்குடா என்றதற்கு, "பூனை உள்ள பூந்து துணிமேல படுத்துக்குதும்மா" என்றான். சரிதானே, வெளியே கொண்டி போட்டால் பூனை எப்படி உள்ளே போகும். ஆனால் பூனை இருந்தது. மத்தியானத்தில் நான் கொஞ்சம் கண்ணயரும்போது மேலேயிருந்து கேட்கும். மியாவ் என்று வாய்விட்டுக் கத்தாது. வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே இழுத்து இழுத்து ஒரு சத்தம், குட்டி போடப்போகிற பூனை போல. பாவமாக இருந்தது. முழங்கால் வலியில் நான் மாடி ஏறுவதே இல்லை, அன்று பாதிப் படி வரை ஏறி நின்று, பூஸ் பூஸ் என்று கூப்பிட்டேன். சத்தம் சட்டென்று நின்றது. பூனை அப்படி நிறுத்தாது. மனிதர் குரல் கேட்டால் பூனை இன்னும் பெரிதாகக் கத்தும், இல்லையென்றால் ஓடும். இது நின்றது. இந்த மூச்சு போலவே நின்றது. "பயப்படாத, பால் கொண்டாரேன்" என்று பூனையிடம் சொல்லிவிட்டு, கொட்டாங்குச்சியில் பால் ஊற்றி, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி மேல்படியில் வைத்துவிட்டு வந்தேன். கொண்டி போட்டிருந்த கதவுக்கு முன்னால்தான் வைத்தேன். பரிதி குளித்துக்கொண்டிருந்தான், தலையைத் துவட்டிக்கொண்டே வந்து என்னம்மா என்றான், பூனைக்குப் பால் என்றேன், சிரித்தான். மறுநாள் காலையில் பால் அப்படியே இருந்தது, ஆடை படிந்து, எறும்பு மொய்த்து. குழலி அதைக் கழுவி எடுத்துக்கொண்டு கீழே வந்தாள், கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு. "பூனைக்கு வச்ச பாலாத்தை?" என்று கேட்டாள். ஆமாம்மா, குடிக்கவே இல்லை பார் என்றேன். அந்தச் சத்தத்தை அதற்கு முன்பும் கேட்டேன், பின்பும் கேட்டேன். இந்த வீட்டில் ஒரு பூனையை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. ஒரு முடி பார்க்கவில்லை.

போனுக்குள் மணி அடிக்கிறது. தலையை நிமிர்த்தினால் ஜெசிந்தாவின் தலைக்கு மேலே இரண்டு முள்ளும் ஒன்றாக நிற்கின்றன. இந்தக் கடிகாரம் சத்தம் போடாது. போனுக்குள் இருப்பது அடிக்கிறது, படிக்குக் கீழேயிருந்து வருகிற மாதிரி, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற மாதிரி. ஐந்து. ஆறு. நன்றாகப் பன்னிரண்டும் அடித்துவிடு, உனக்குக் கோடிப் புண்ணியம். எட்டு. ஒன்பது. பத்து. பரிதி பிறந்தபோது பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தான், டாக்டரம்மா கையை விட்டுத்தான் திருப்பினாள், அந்த வலி திரும்ப வருகிறது. பதினொன்று. பிறகு கரகரவென்று ஒரு செருமல்.

அவ்வளவுதான். அது என் வீடு. நான் இல்லாதபோது என் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, யாருக்குத்தான் தெரியும், இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லாத வீடு. பரிதியா? என் பிள்ளையா? இந்தப் பிரச்சாரத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தன் போனில் எனக்குக் காட்டியதே அவன்தான். "போம்மா, நல்ல காரியம், உனக்கும் பொழுது போகும்." அன்றைக்கு என்னைப் போல் கொடுத்துவைத்தவள் உண்டா என்று இருந்தது. நான் இங்கே வருகிற நேரமெல்லாம் அங்கே வீடு காலியாகிறது. அதை அவன் கணக்குப் போட்டிருக்கிறான், நிதானமாகப் போய்வா என்று வழியனுப்பியிருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இன்னும் வரவில்லை, பயமாக இருக்கிறது. அந்த மெதுவான குரலை நினைத்தால் பயமாக இருக்கிறது. கையைத் தூக்கினால் வாசலில் ஜீப் வந்து நிற்கும். எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் நிற்பார்கள். அறிவழகன் மகன் என்பார்கள், செத்தவர் பெயரும் சேர்ந்து தெருவில் கிடக்கும். அவனுக்குச் சட்டையைப் போட்டுக்கொள்ள விடுவார்களா. நானே வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தால் என்ன, அவன் நான் சொன்னால் கேட்பான், உட்கார வைத்து, காப்பி கொடுத்து. கை மேசைமேலேயே கிடக்கிறது. தூக்காதே என்று நான் சொல்லவில்லை, அதுவாகத்தான் கிடக்கிறது. என் வாய் மட்டும் செவ்வந்தியின் கேள்விகளை வரிசையாகக் கேட்கத் தொடங்கிவிட்டது, அதுவும் என் வாய்தானா என்று தெரியவில்லை. "உங்கள அடைச்சு வச்சிருக்காங்களாம்மா?" ஒரு தட்டு. அத்தனை நேரத்தில் அவள் தந்த முதல் பதில், நகம் பட்ட சத்தம். "அடிச்சாங்களா?" ஒரு தட்டு. "அவர் இப்போ வீட்ல இருக்காரா?" இரண்டு தட்டு. வெளியே போயிருக்கிறான், எப்போதும்போல் வாசல் கிரில்லைப் பூட்டிக்கொண்டு. மோட்டாரை நிறுத்தாமல். "எந்திரிச்சு நடக்க முடியுதா?" இரண்டு தட்டு. அடுத்த கேள்வியை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். கேட்டுத்தான் ஆக வேண்டும், அதை வைத்துத்தான் வண்டி அனுப்புவதா, சொந்தக்காரரை அனுப்புவதா என்று ஜெசிந்தா முடிவெடுப்பாள். என் குரல் எனக்குத் தெரிந்ததுபோல் அவளுக்கும் தெரியும், ஒரே அடுப்பில் சமைக்கிறவர்கள்தானே. "வீட்ல நீங்க நம்பற ஆள் யாராவது இருக்காங்களாம்மா?"

தண்ணீர் நிரம்பிவிட்டது என்றாள் அந்தப் பெண். தயவுசெய்து என்றாள். உப்புக்காரன் அடுத்த தெருவுக்குப் போயிருக்க வேண்டும், இருமல் இப்போது இல்லை. ஒரு தட்டு வந்தது. கடவுளே என்று என் நெஞ்சு பொங்கியது, ஒரு நொடி, ஒரே நொடி. இரண்டாவது தட்டு அதன் பின்னாலேயே வந்தது, முன்னதைவிட மெதுவாக.

கை எப்போது எழுந்தது என்று எனக்குத் தெரியாது. பார்த்தபோது தலைக்கு மேலே நின்றது, வளையல் முழங்கை வரை இறங்கிக் கிடந்தது, ஜெசிந்தா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தாள். "சொல்லுங்கம்மா, எமர்ஜென்சியா? அட்ரஸ் ஏதும் சொன்னாங்களா?" சொன்னேன். உறையூர், தெருப்பெயர், கதவு எண், வேப்பமரத்துக்கு அடுத்த வீடு, மாடி அறை, வெளிப்பக்கம் கொண்டி, நடக்க முடியாது, ஆம்புலன்ஸும் சேர்த்து வரட்டும். எழுதிக்கொண்டே வந்தவளின் கை கதவு எண்ணில் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். இங்கே சேர்ந்த அன்று இதே முகவரியை அவளிடம் நான்தான் சொல்லியிருந்தேன். "அம்மா, இது..." என்றாள். நான் மடியிலிருந்த பையைத் திறந்து, மஞ்சள் கயிற்றில் கட்டிய மாற்றுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். "கிரில்லு பூட்டியிருக்கும். ரெண்டு தடவை திருப்பணும். போலீஸ்ல பேரு கேட்டா இளம்பரிதி, அப்பா பேரு அறிவழகன், என் மகன்தான்னு சொல்லுங்க. திரும்பி வந்துடுவான், சீக்கிரம் போங்கம்மா." அவள் சாவியை மூடிப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் வரீங்களா?" என்றாள். பேசாத போனை நாம் வைக்கக் கூடாதே. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். காவல் நிலையத்துக்குப் போன் பேசிக்கொண்டே போன அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போயிற்று. அறையில் நானும் டியூப்லைட் இரைச்சலும்.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். செவ்வந்தியாகவே இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, ஆட்கள் வந்து கதவைத் திறக்கிற வரை முன்பின் தெரியாதவளாக நாலு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டு. அவளும் தெரியாத மாதிரி தட்டிக்கொண்டிருப்பாள். "குழலி" என்றேன். "நான்தாம்மா. வண்டி வருது. சாவியைக் குடுத்துட்டேன்." எதிர்முனையில் முதலிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே அந்தச் சத்தம் வந்தது, வாயை மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே இழுத்து இழுத்து. நான் பாதிப் படியில் நின்று பூஸ் பூஸ் என்று கூப்பிட்ட அதே சத்தம். இந்த முறை அது நிற்கவில்லை.